கெலிஸின் இடது கண்

ஜாஜா சம்மதித்துவிட்டார் என்று சென்ற வாரம் நிம்மதியாக மூச்சு விட்டவர்கள், விட்ட மூச்சைக் கொஞ்சம் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். பெண் கேட்டு வரும் நாள் விடிந்துவிட்டது.

நடுவில் சில வாரம் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. சியாஞ்சூர் கடைத்தெருவில் கால்நடை மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள் இமாஸ். ஆட்டுக்கு மருந்து வாங்க வந்தவன் ஹில்மான். ஆடு பிழைத்துக்கொண்டது. பிழைத்த ஆட்டுக்கு அவன் மேற்கொண்டு நான்கு மாதம் மருந்து வாங்கினான். அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று.

ஹில்மானின் அப்பா ஹாஜி சொபாந்தி. நெல் ஆலை வைத்திருக்கிறார், பிடிவாதக்காரர். இமாஸின் அப்பா ஜாஜாவுக்குப் பிடிவாதம் கிடையாது. கோழிகள்தான் உண்டு.

சாதாரணக் கோழிகள் இல்லை, பெலுங் கோழிகள். அந்தச் சேவல் கழுத்தை வளைத்து ஒரு கூவல் தொடங்கினால், கேட்பவர் ஒரு வாய் டீயைக் குடித்து விழுங்கிய பிறகும் கூவல் முடிந்திருக்காது. போட்டியில் நடுவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு மதிப்பெண் போடுவார்கள். ஜாஜாவின் குலுதுக் மூன்று வருடம் தொடர்ந்து முதலிடம் வாங்கியவன்.

போன வருடம் யாரோ ஒரு நண்பர், “சும்மா பாருங்க அண்ணே” என்று ஒரு பெட்டைக் கோழியைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார். ஒன்பது நாளில் பதினொரு கோழிகள் போயின. குலுதுக்கும் போனான். மிஞ்சியது குலுதுக்கின் மகன் லந்தாங்கும் நாலு பெட்டைகளும்தான். ஜாஜா ஒரு மாதம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். வெளிக் கோழி எதுவும் பதினான்கு நாள் பின்கட்டுக் கூண்டில் தனியாக இருந்த பிறகுதான் முற்றத்தில் கால் வைக்கலாம். சமையலுக்கு வாங்கும் செத்த கோழிக்குக்கூட வாசலைத் தாண்ட அனுமதி இல்லை. ஒரு வருடமாக அந்த வீட்டில் மீன்தான்.

பெண் கேட்டு வரச் சம்மதித்தபோது ஜாஜாவின் மனைவி கோகோம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

“இங்க பாருங்க, அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் கோழிங்கற பேச்சே உங்க வாயிலேர்ந்து வரக்கூடாது. சேவல், முட்டை, இறகு, எச்சம், எதுவும் கூடாது.”

“வேற என்னதான் பேசறது?”

“மத்த மனுஷங்க பேசறதைப் பேசுங்க.”

ஜாஜா மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறார். மற்ற மனிதர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

இனி கதைக்கு வருவோம்.

காலை ஏழு மணி. இமாஸ் அடுக்களையில் வாழையிலையில் மீனைச் சுற்றிக்கொண்டிருந்தாள். போன் அதிர்ந்தது. ஹில்மான் எட்டு நொடி வீடியோ ஒன்று அனுப்பியிருந்தான்.

தங்கக் காகிதம் சுற்றிய மூங்கில் கூடை. அதில் சிவப்பு ரிப்பன். கூடைக்குள் செம்பழுப்பாக ஒரு பெட்டைக் கோழி. கோழி இந்தப் பக்கம் பார்த்தது, தலையை உதறியது, இடது கண்ணைப் பாதி திறந்தது.

இமாஸ் காதலிதான். ஆனால் மூன்று வருடமாக மருந்துக் கடைக்காரி. மூன்றாவது நொடியிலேயே காதலியைத் தள்ளிவிட்டு மருந்துக் கடைக்காரி முன்னால் வந்துவிட்டாள். உடனே போன் போட்டாள். அந்த ஊரில் பெண் தன் ஆளைக் ‘காங்’ என்பாள், அவன் அவளை ‘நெங்’ என்பான், பெரியவர்களை ‘பாக்’ என்பார்கள்.

“காங், அந்தக் கோழி யாரோடது?”

“பாத்துட்டியா? மோதிரத்தோட அதையும் கொண்டு வர்றோம். உங்கப்பா ரொம்ப சந்தோஷப்படுவார்ல?”

“அதோட கண்ணு ஏன் அப்படி இருக்கு?”

“எப்படி?”

“சோப்பு நுரை மாதிரி.”

“என் போன்ல கேமரா பழசு, நெங்.”

“கேமராவுக்கு முகம் வீங்காது காங். கோழிக்குத்தான் வீங்கியிருக்கு. தும்முதா?”

“எப்பவாவது. நெங், அது அம்மாவோட கோழி.”

ஹில்மானின் அம்மா ஓனி இறந்து நாலு மாதம் ஆகிறது.

“கெலிஸ்னு அம்மாதான் பேர் வெச்சாங்க. போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அப்பாவைக் கூப்பிட்டு, கெலிஸை என் மருமக வீட்டு முற்றத்துல கொண்டுபோய் விடுங்க, கூண்டுல அடைக்கக் கூடாது, அவங்க கோழிங்களோட ஓடணும்னு சொன்னாங்க. அப்பா அதையே பிடிச்சிட்டிருக்கார். மோதிரத்தைக்கூட மறந்துட்டு வருவார், கெலிஸை விட்டுட்டு வரமாட்டார்.”

“முற்றத்துல விட வேணாம்னு யாராவது சொன்னா?”

“அம்மாவையே வேணாம்னு சொன்ன மாதிரி எடுத்துப்பார். வண்டியைத் திருப்பிடுவார். யாரும் சொல்லமாட்டாங்கதானே?”

இமாஸ் போனை வைத்தாள். கெலிஸை முற்றத்தில் விட்டால் லந்தாங் போய்விடுவான். அப்பா இன்னொரு தடவை எழுந்திருக்க மாட்டார். விடாவிட்டால் ஹில்மான் போய்விடுவான். இதில் எதையும் இழக்க அவளுக்கு மனசில்லை.

அம்மாவிடம் வீடியோவைக் காட்டினாள். கோகோம் கரண்டியோடு குனிந்து பார்த்தாள்.

“காத்து புகுந்திருக்கு,” என்றாள்.

அந்த ஊரில் தலைவலி, வயிற்றுவலி, முதுகுப்பிடிப்பு, பரீட்சையில் தோல்வி எல்லாமே உடம்பில் காற்றுப் புகுவதால் வருவதுதான். எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே: பச்சை பாட்டிலில் இருக்கும் காயுபுத்தி எண்ணெய்.

“நெஞ்சுல சூடு பறக்கத் தேய்ச்சா சரியாயிடும்.”

“கோழிக்கா?”

“கோழிக்கு நெஞ்சு இல்லையா?”

“அம்மா, அது சளி நோய். ஒட்டும். ஒரே தண்ணித் தொட்டில குடிச்சா போதும், அஞ்சும் படுத்துடும்.”

கோகோம் இப்போதுதான் கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோழி நோயைப் பற்றி வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம், தன் கணவனைத் தெரியும்.

“சரி. கூடை வந்ததும் நான் வாங்கிக்கறேன். தண்ணி காட்டறேன்னு சொல்லிப் பின்கட்டுக்குக் கொண்டுபோயிடறேன். மோதிரம் போடற வரைக்கும் இழுத்துட்டா, அப்புறம் அவங்க சம்பந்தி. சம்பந்திங்க சண்டை போட்டுக்கறது சகஜம்.”

“அப்பாவுக்குத் தெரிஞ்சா?”

“சத்தியம் பண்ணியிருக்கார்ல.”

வெளியே ஜாஜா புது பாத்திக் சட்டையில், தலையில் கறுப்புத் தொப்பியோடு, வாசலில் மிதியடி விரித்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் மருந்துத் தண்ணீர்த் தட்டில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். இன்றைக்குத் தட்டு கூடாது என்று கோகோம் தடை போட்டிருந்தாள். அதனால் அவர் தட்டில் இருந்த ஊதா மருந்தையெல்லாம் மிதியடியில் ஊற்றிவிட்டார்.

“என்னப்பா இது ஈரம்?” என்று எட்டிப்பார்த்தாள் இமாஸ்.

“தூசி ஒட்டாது,” என்றார் ஜாஜா, ரொம்ப யோக்கியமாக.

பத்து மணிக்கு இரண்டு வேன்கள் வந்து நின்றன. தட்டு தட்டாகப் பழம், வாஜிக் இனிப்பு, துணி, செருப்பு, வாசனைத் திரவியம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஹாஜி சொபாந்தி. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் காலுறை. கையில் தங்கக் கூடை.

மிதியடியில் கால் வைத்தார். சொதக் என்றது.

“மழையே இல்லையே, இது ஏன் நனைஞ்சிருக்கு?”

“எங்க வீட்டு வழக்கம், பாக் ஹாஜி,” என்றார் ஜாஜா.

ஹாஜி குனிந்து பார்த்தார். இரண்டு காலுறையும் கத்திரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தன. வழக்கம் என்று சொன்ன பிறகு என்ன செய்வது? அவருக்குப் பின்னால் வந்த பதினேழு பேரும் வழக்கத்தை மதித்து ஒருவர் பின் ஒருவராக மிதித்துவிட்டு வந்தார்கள்.

கோகோம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். “குடுங்க பாக் ஹாஜி, பாவம், வெயில்ல வந்திருக்கு. தண்ணி காட்டிட்டு வர்றேன்.”

“வேணாம்மா. இவ என் மடியிலதான் உக்காருவா.”

அவ்வளவுதான் கோகோமின் திட்டம். காலையிலிருந்து யோசித்தது அரை நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் இவர்கள். பெண்ணைக் கேட்கும் நேரம் வரும்வரை பெண் வெளியே வரக்கூடாது என்பதால் இமாஸ் உள்ளறையில் திரைக்குப் பின்னால் நின்றாள். இடுக்கு வழியாக அப்பாவின் முகம் நேராகத் தெரிந்தது.

ஹாஜி கூடையைத் திறந்து கெலிஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜாஜா நிமிர்ந்து பார்த்தார். முதலில் அவர் முகத்தில் கோழிக்காரனின் ஆசை வந்தது. நல்ல எலும்பு, நல்ல கழுத்து. அப்புறம் இடது கண்ணுக்கு வந்தார். அங்கேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போவது இமாஸுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

ஜாஜா மெதுவாகத் திரும்பிக் கோகோமைப் பார்த்தார். கோகோம் மேற்கூரையைப் பார்த்தாள்.

ஹாஜி தரப்பில் ஒருவர் முறைப்படி பேச ஆரம்பித்தார். இரண்டு குடும்பங்களின் பெருமை, இறைவனின் கருணை, ஓடம், கரை எல்லாம் வந்தன. அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், அந்த அமைதியில், தெளிவாக ஒரு தும்மல் கேட்டது.

“யர்ஹமுகல்லாஹ்!” என்று கூடமே ஒரே குரலில் சொல்லியது. தும்மியவருக்கு அருள் வேண்டுவது நல்ல பழக்கம்தானே. சொல்லிவிட்டு எல்லோரும் தும்மியது யார் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

கெலிஸ் இன்னொரு தடவை தும்மியது. இந்த முறை யாரும் அருள் வேண்டவில்லை. ஒரு கிழவர் மட்டும் காது மந்தம் என்பதால் தாராளமாக வேண்டினார்.

ஜாஜாவின் விரல்கள் பாயைப் பிய்த்தன. கடைசியில் அவரால் முடியவில்லை.

“பாக் ஹாஜி,” என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. “உங்க மடியில இருக்கறவங்க… நல்லா சாப்பிடறாங்களா?”

“யாரு?”

“அவங்கதான். ராத்திரி மூச்சு விடறப்ப கொறகொறன்னு சத்தம் ஏதாவது…”

கோகோம் அவர் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள். ஜாஜா வாயை மூடிக்கொண்டார். சொன்ன வார்த்தை தவறவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஹாஜி எழுந்து நின்றார். கெலிஸ் அவர் கையில்.

“பேச்செல்லாம் அப்புறம். முதல்ல இவளை உங்க முற்றத்துல விட்டுடறேன். என் ஓனியோட கடைசி ஆசை. அதை முடிச்சுட்டுப் பொண்ணைக் கேப்போம்.”

முற்றத்தில், கொய்யா மரத்தடியில், லந்தாங் நாலு பெட்டைகளோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

ஜாஜாவும் எழுந்தார். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. கோகோமைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இமாஸ் அங்கே நிற்பது அவருக்குத் தெரியும். அப்புறம் அவர் செய்த காரியத்தை இமாஸ் எதிர்பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

இமாஸுக்குப் புரிந்தது. அப்பா லந்தாங்கை விட்டுக்கொடுக்கிறார். எனக்காக. ஒரு வார்த்தை சொல்லாமல். அடுத்த நொடி அவளே திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள். பெண்கள் பக்கத்தில் யாரோ “அய்யோ” என்றார்கள்.

“பாக் ஹாஜி, என்னை இன்னும் யாரும் கேக்கல. முதல்ல கேட்டுடுங்க.”

ஹாஜி திகைத்தார். அப்புறம் சிரித்துவிட்டார். “அவசரமா, நெங்? சரி. என் மகன் ஹில்மானைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?”

“சம்மதம்.”

பெண்கள் பக்கத்தில் பெருமூச்சு. ஹில்மான் காதுவரை சிவந்தான்.

“ஆனா கெலிஸை இப்ப முற்றத்துல விட முடியாது. அவளுக்கு உடம்பு சரியில்ல. பதினாலு நாள் தனியா இருக்கணும்.”

ஹாஜியின் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“உடம்பு சரியில்லையா? யாரு சொன்னது? நோய் இல்ல இது. இவ அழறா. ஓனிக்கு நூறாம் நாள் ஓதினோம் பாரு, அதுக்கு மறுவாரம்தான் இந்தக் கண்ணுல தண்ணி வந்துச்சு. ஊர்க்காரங்க சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. சொந்தக்காரங்க மறந்துட்டாங்க. இவ ஒருத்திதான் இன்னும் அவளை நினைச்சு அழுதுட்டிருக்கா. அதைப் போய் நோய்ங்கறே?”

அவர் கெலிஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். “ஹில்மான், வண்டியை எடு.”

ஹில்மான் எழுந்தான், ஆனால் வண்டியை எடுக்கப் போகவில்லை. அப்பாவையும் இமாஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அவ்வளவுதான் செய்வான் என்று இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும்.

இமாஸ் ஹாஜிக்கு முன்னால் போய் நின்றாள். பயமாகத்தான் இருந்தது.

“அன்னைக்கு விருந்துக்குக் கோழி வாங்கினீங்களா, பாக் ஹாஜி?”

“வாங்காம? முப்பது.”

“சந்தைலயா? எங்க கட்டி வெச்சிருந்தீங்க?”

“கெலிஸோட கூண்டுப் பக்கத்துல…” ஹாஜி நிறுத்தினார்.

“அதுங்ககிட்டேர்ந்து ஒட்டியிருக்கு. கண்ணுக்குள்ள சீழ் கட்டியிருக்கும். அவளுக்கு வலிக்கும். ஒரே ஒரு தடவை கழுவிக் காட்டறேன். அப்புறமும் அழறான்னு தோணினா, நீங்க எங்க வேணா விடுங்க.”

ஜாஜாவின் கண்கள் கோகோமைக் கெஞ்சின. கோகோம் பெருமூச்சு விட்டாள்.

“சரி, பேசித் தொலைங்க.”

அணை உடைந்தது. “வெதுவெதுப்பா இருக்கணும் தண்ணி! கொதிச்சு ஆறினது! ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூன் உப்பு, கூடிடக் கூடாது! வலது கண்ணை முதல்ல துடை, நல்ல கண்ணு முதல்ல, அப்புறம்தான் கெட்டது! ஒரே பஞ்சை ரெண்டு கண்ணுக்கும் வைக்காதே! யாராவது ஜன்னலைச் சாத்துங்க, சளிக்குக் காத்து ஆகாது!” என்றபடி ஓடிப்போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்த வீட்டு மனிதர்களுக்கு இருக்கும் மருந்து கோகோமின் பச்சை பாட்டில் ஒன்றுதான். கோழிகளுக்கோ மூன்று அடுக்குப் பெட்டி. மேலடுக்கில் பஞ்சு, ஒட்டுத்துணி, நகவெட்டி, இடுக்கி. நடுவில் ஊசி இல்லாத சிரிஞ்சுகள், கண் களிம்பு, புண்ணுக்குப் போடும் நீல மருந்து, அயோடின். கீழே சத்து மாவு, உப்புச் சர்க்கரைப் பொடி, பூச்சி மாத்திரை, தொண்டைச் சளியை எடுக்க எண்ணெயில் தோய்த்த ஓர் இறகு. போன மாதம் கோகோம் விரலை வெட்டிக்கொண்டபோது இதிலிருந்துதான் துணி எடுத்துக் கட்டினாள். “அது லந்தாங்கோடது” என்று ஜாஜா இரண்டு நாள் முணுமுணுத்தார்.

ஒரே ஒரு தடவைதானே என்று ஹாஜி இறங்கிவந்தார். பின்கட்டில் மணையில் உட்கார்ந்து கெலிஸைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டார். இமாஸ் கையுறை மாட்டிக்கொண்டு, சிரிஞ்சில் உப்புத் தண்ணீர் எடுத்து, மூடியிருந்த இமையில் மெல்லப் பீய்ச்சினாள். காய்ந்திருந்தது ஊறிக் கரைந்தது. பஞ்சால் ஒற்றினாள். மறுபடி பீய்ச்சினாள். இமையை விரலால் விலக்கி, இடுக்கியால் மெதுவாக இழுத்தபோது, மஞ்சளாக ஒரு கட்டி, வெந்த சோற்றுப் பருக்கை அளவுக்கு, வெளியே வந்தது.

கெலிஸ் தலையை உதறியது. இடது கண்ணைத் திறந்தது. கண் கறுப்பாக, உயிரோடு இருந்தது. அந்தக் கண்ணால் அது ஹாஜியைப் பார்த்தது.

ஹாஜி கட்டியைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார்.

“அப்ப இவ அழலையா?”

“இல்ல பாக் ஹாஜி. சளி.”

“அப்ப இத்தனை நாளா அந்த வீட்ல அழுதது நான் ஒருத்தன்தானா?”

இமாஸ் அவர் முழங்கையை ஒரு நொடி தொட்டாள். முறைப்படி தொடக்கூடாது. கையுறை வேறு அழுக்கு. அவர் விலகிக்கொள்ளவில்லை.

கடைக்கு வரும் கால்நடை டாக்டருக்குப் படம் அனுப்பினாள். அவர் மருந்தும் அளவும் சொன்னார். மருந்தை மாவில் கலந்து கொடுக்கவேண்டும், இரண்டு வேளை, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. முகம் இவ்வளவு வீங்கியிருப்பதால் உறுதியாக எதுவும் சொல்லமுடியாது, தின்றால் பிழைக்கும் என்றார். பிழைத்தாலும் இந்த நோய் உடம்பில் ஒளிந்திருக்கும், பதினான்காம் நாள் தானே வந்து பார்த்துச் சொல்லாமல் முற்றத்தில் விடக்கூடாது என்றும் சொன்னார்.

ஹாஜி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்பு டப்பாவை எடுத்தார். ஹில்மான் ஓரடி முன்னால் வந்தான். ஹாஜி டப்பாவைத் திறந்து மோதிரத்தைப் பார்த்துவிட்டு, மூடி, திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

“ஓனி சொன்னது இவ இந்த முற்றத்துல ஓடணும்னு. இவ ஓடற அன்னைக்கு மோதிரம் போடறேன். பதினாலு நாள்னா பதினாலு நாள்.”

“ஓடலைன்னா?” என்றான் ஹில்மான்.

கோகோம் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

மற்றவர்கள் மீனும் மிளகாய்ச் சாம்பாலும் சாப்பிட்டு, மரியாதைக்கு நாலு வார்த்தை பேசி, மிதியடியை இந்தத் தடவை தாண்டிக் குதித்து வேனில் ஏறினார்கள். ஹாஜி ஏறவில்லை.

“நீங்க கோழியைத் தொட்டிருக்கீங்க,” என்றார் ஜாஜா, கொஞ்சம் கூச்சத்தோடு. “முன் முற்றம் வழியா இப்ப போகக்கூடாது. குளிச்சுட்டு, துணி மாத்திட்டு, பின் சந்து வழியா…”

“போனாத்தானே? இவளைத் தனியா விட்டுட்டுப் போனா ஓனி என்னைச் சும்மா விடமாட்டா.” வேன் பக்கம் திரும்பிக் கத்தினார். “ஹில்மான்! நாளைக்கு என் லுங்கி, தொழுகை விரிப்பு, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் எடுத்துட்டு வா!”

பெண் இன்னும் மாமனார் வீட்டுக்குப் போகவில்லை. மாமனார் பெண் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அஸர் தொழுகை முடிந்து வெயில் சாய்ந்தது. ஜாஜாவின் பழைய லுங்கியில் ஹாஜி பின்கட்டுக் கூண்டுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். லுங்கி கணுக்காலுக்கு மேலே நின்றது. கூண்டுக்குள் மருந்து கலந்த மாவு. கெலிஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜாஜா முட்டை மஞ்சள் கரு சேர்த்துப் பார்த்தார். கோகோம் வெல்லம் சேர்த்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

இமாஸ் கூண்டருகே குந்தினாள். ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று டாக்டர் சொன்னது காதில் நின்றது. இது முதல் வேளை.

“இவ தனியா சாப்பிடமாட்டா,” என்றார் ஹாஜி. “பக்கத்துல யாராவது பேசிட்டே இருக்கணும். ஓனி அப்படிப் பழக்கிட்டா. அவ போனதுலேர்ந்து ஏதோ கொறிச்சுட்டுக் கிடக்கா.”

“நீங்க பேசுங்க, பாக் ஹாஜி.”

“என் குரலுக்குச் சாப்பிடமாட்டா. பேசிப் பாத்துட்டேன்.”

“அவங்க என்ன பேசுவாங்க?”

ஹாஜி சுவரைப் பார்த்தார். “என்னைத் திட்டுவா.”

“என்னது?”

“தினம் சாயங்காலம் கெலிஸுக்குத் தீனி வெச்சுட்டு, என்னை நிக்க வெச்சு, அன்னைக்கு நான் பண்ணினதையெல்லாம் ஒண்ணு விடாம சொல்லித் திட்டுவா. அவ நிறுத்தறதுக்குள்ள தட்டு காலியாயிடும்.” அவர் இமாஸைப் பார்த்தார். “நீ திட்டு.”

“பாக் ஹாஜி! நான் எப்படி…”

“திட்டு, நெங். நீ திட்டலைன்னா மருந்து உள்ள போகாது. மருந்து போகலைன்னா இவ ஓடமாட்டா. இவ ஓடலைன்னா மோதிரம் இந்தப் பையிலதான் இருக்கும்.”

இமாஸ் அம்மாவைத் தேடினாள். கோகோம் அடுக்களை வாசலில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேகமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். மாமனாரைத் திட்டிய மருமகள் என்று பேர் வந்தால் ஏழு ஊருக்குத் தெரியும்.

“பாக் ஹாஜி… நீங்க செய்யறது… அவ்வளவு சரியில்ல,” என்றாள் இமாஸ்.

கெலிஸ் கொட்டாவி விட்டது.

“இது திட்டா? ஓனி கேட்டா சிரிப்பா. ஈரத்துண்டுலேர்ந்து ஆரம்பி. நான் கட்டில் மேல போடுவேன்.”

இமாஸ் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“ஈரத்துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தனை தரம் சொல்றது? மெத்தை என்ன வயக்காடா, தண்ணி பாய்ச்சி நாத்து நடறதுக்கு?”

கெலிஸ் தலையைத் திருப்பியது.

“கொடி எதுக்குக் கட்டியிருக்கு? அழகுக்கா? ஆலைல நாப்பது பேரை வேலை வாங்கறீங்க, ஒரு துண்டைக் காயப்போடத் தெரியல!” அவளுக்கே குரல் ஏறுவது தெரிந்தது, நிறுத்த முடியவில்லை. காலை ஏழு மணியிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வரிசையில் வந்து நின்றது. “கண்ணு வீங்கின ஜீவனை மடியில வெச்சுக்கிட்டு, அழறா அழறான்னு நீங்களும் கூட உக்காந்து அழுதீங்களே, யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? உங்க மகன் தினம் மருந்துக் கடைக்கு வந்து நின்னானே, அவன்கிட்டயாவது சொன்னீங்களா? தனியா உக்காந்து அழுதா யாருக்குங்க தெரியும்? பக்கத்துல மனுஷங்களே இல்லையா உங்களுக்கு?”

அடுக்களை வாசலில் கரண்டி விழுந்தது. ஜாஜா பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

கூண்டுக்குள் டொக் என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. கெலிஸ் மாவைக் கொத்திக்கொண்டிருந்தது.

ஹாஜி முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, சட்டைக் கையால் இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம் சத்தமா,” என்றார்.